பாலையூற்றில் ஒரு பழைய மொழி

திருகோணமலை என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பன இரண்டு. ஒன்று, கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் சுவாமிமலையும் அதன் உச்சியில் எழுந்தருளியிருக்கும் கோணேசப் பெருமானின் திருக்கோயிலும். மற்றையது, குன்றுகள் அரண் செய்ய, ஆழ்ந்து அகன்று கிடக்கும் துறைமுகம். முன்னையது ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. பின்னையது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக் கொண்டது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சையும் கண்டது. இவ்விரண்டையும் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. உல்லாசப் பயணிகள் வந்து பார்த்துச் செல்வதும் இவ்விரண்டையுமே.

இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது இவ்விரண்டில் எதற்கும் அன்று. துறைமுகத்தைச் சார்ந்து வாழ்ந்த மக்கள் குடியிருக்கும் பகுதிகளுள் ஒன்றாகிய பாலையூற்றுக்கு வாருங்கள். பாலை மரத்தையும் நீரூற்றையும் ஒருங்கே நினைவூட்டும் இனிய பெயர் அது. அங்கே பார்ப்பதற்குக் கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. கேட்பதற்கு ஒன்று உண்டு. அதைக் கேட்பதற்காகவே சென்று வந்தேன்.

ஆயினும் பாலையூற்றின் கதையைச் சொல்வதற்குக் கோட்டை வாயிலிலிருந்தே புறப்பட வேண்டியிருக்கிறது. இன்று பிரெடெரிக் கோட்டை என வழங்கும் அக்கோட்டையின் வாயிற்சுவரிலே கயற்சின்னம் பொறித்த கல்லையும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றையும் காணலாம். 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா கோணேசர் கோயிலை இடித்தான். இடித்த கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கோயிலைப் பின்னாளில் பறங்கி வந்து அழிப்பான் என முன்கூட்டியே உரைத்ததாக வழங்கும் பாடலை அக்கல்வெட்டோடு சேர்த்துச் சொல்லுவது இவ்வூர் மரபு. சிறு வயதில் என் பாட்டனார் என்னை அக்கல்லின் முன்னே நிறுத்தி அந்தக் கதையைச் சொன்னார். அன்று முதல் பறங்கி என்ற சொல் என் செவியில் இடிமுழக்கமாகவே ஒலித்து வந்தது.

அத்துணைப் பெரிய அழிவைச் செய்த போர்த்துக்கீசர் இத்துறையை எத்தனை காலம் ஆண்டனர்? பதினேழே ஆண்டுகள். 1639இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கீசரின் ஆட்சி அத்தோடு முடிந்தது. பீரங்கியும் கொடியும் போயின. எஞ்சி நின்றது எது? இக்கேள்விக்கு விடை கூறும் இடமே பாலையூற்று.

நான் அங்கே சென்றதற்குக் காரணம் என் பழைய மாணாக்கர் ஒருவர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியத் தொழிலில் நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில், என் வகுப்பு மாணவரின் விவரங்களைத் திரட்டுவதற்கு ஒரு தாள் தயாரித்தேன். தந்தையின் தொழில், வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரம், வீட்டிற் பேசும் மொழி எனச் சில கட்டங்கள் அதிலே இருந்தன. மெலிந்த உருவமுடைய சிறுவன் ஒருவன், வீட்டிற் பேசும் மொழி என்ற கட்டத்தில் 'போர்த்துக்கீசு' என்று எழுதியிருந்தான். வகுப்பிலே அதை நான் உரக்க வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "தம்பி, போர்த்துக்கீசர் போய் முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டதே!" என்று கூறி, அச்சொல்லின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, 'தமிழ்' என்று எழுதினேன். அச்சிறுவன் ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னர் அவன் தன் வீட்டு மொழியைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததும் இல்லை.

அண்மையில் எங்கள் பாடசாலைத் தளபாடங்களைத் திருத்துவதற்கு ஒரு தச்சர் வந்தார். நரை கண்ட தலை; கையிலே சீவுளி. "சேர், என்னைத் தெரியுதா?" என்றார். முகத்தை உற்று நோக்கியதும் அந்தச் சிவப்புக் கோடு என் நினைவில் எழுந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு நாள் வீட்டுக்கு வாங்கோ சேர், அம்மா இருக்கிறா" என்று மட்டும் அழைத்தார். போகாதிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நகரிலிருந்து மேற்கே கண்டி வீதியைப் பிடித்துச் சென்றால் பாலையூற்றை அடையலாம். லூர்து அன்னையின் திருத்தலம் அங்கே உண்டு. முற்றத்தில் முருங்கையும் வேம்பும் நிற்கும் சிறு வீடுகள். வேலிகளில் உலரும் துணிகள். கொட்டிலிலிருந்து எழும் உளியோசை. தமிழ்க் குடும்பங்களோடு கலந்து வாழும் பறங்கியர் வீடுகளைப் புறத்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. தெருவிலே பேசும் தமிழும் நம் தமிழே.

வாசலில் எங்களை வரவேற்ற மூதாட்டியாருக்கு எண்பது வயதிருக்கும். "வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்று தமிழில் உபசரித்தவர், மகனிடம் திரும்பி வேறொரு மொழியில் ஏதோ சொன்னார். தேநீர் கொண்டுவரச் சொன்னார் என்பது பின்னர் விளங்கிற்று. அச்சொற்கள் எனக்குப் புரியவில்லை. ஆனால் வியப்பு யாதெனில், சொற்கள் அந்நியமாயிருந்தும் ஓசை அந்நியமாயில்லை. ஏற்ற இறக்கமும், வாக்கியம் முடியும் விதமும், இடையிடையே நிறுத்தும் பாங்கும் நம் வீட்டுப் பாட்டிமார் பேசுவது போலவே இருந்தன.

இது வெறும் செவிமயக்கம் அன்று. மொழிநூலார் இதன் காரணத்தை ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். இலங்கைப் போர்த்துக்கீசம் எனப்படும் இம்மொழியின் சொற்கள் பெரும்பாலும் லிஸ்பனிலிருந்து வந்தவை. ஆனால் அச்சொற்கள் கோக்கப்பட்டிருக்கும் நூலோ தமிழ் நூல். ஐரோப்பியப் போர்த்துக்கீச வாக்கியத்தில் வினைச்சொல் இடையிலே வரும். இம்மொழியில் தமிழிற் போல இறுதியில் வந்து நிற்கும். போர்த்துக்கீசத்தில் நமது 'கு' உருபின் பொருளைத் தரும் 'பாரா' என்னும் சொல் பெயருக்கு முன்னே நிற்பது. இங்கே அது 'ப' எனக் குறுகி, நம் நான்காம் வேற்றுமை உருபைப் போலப் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டது. அவனுடைய என்று பொருள்படும் 'செயூ' என்னும் சொல் 'சு' எனத் தேய்ந்து ஆறாம் வேற்றுமை உருபாயிற்று. 'ஏற்கெனவே' என்னும் பொருளுடைய 'ஜா' இறந்த காலத்தையும், 'பிறகு' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த 'லோ' எதிர்காலத்தையும் உணர்த்தும் இடைச்சொற்களாயின. தொல்காப்பியரின் வேற்றுமையியலைக் கற்ற ஒருவர் இம்மொழியைக் கேட்பின், வேறு உடை உடுத்து வந்த தம் உறவினரைக் கண்டாற் போல மகிழ்வர்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? போர்வீரர் பேசிய மொழி தாய்மார் வாயிலே புகுந்தமையால் நிகழ்ந்தது. கப்பலேறி வந்த போர்த்துக்கீச ஆடவர், இந்நாட்டுப் பெண்களை மணந்து துறைமுகங்கள் தோறும் குடியமர்ந்தனர். பிள்ளைகளைத் தாலாட்டியவர்கள் இந்நாட்டு அன்னையர். தந்தையின் சொற்களும் தாயின் இலக்கணமும் ஒரு தொட்டிலிலே கலந்தன. அக்கலப்பே இம்மொழி.

போர்த்துக்கீசர் போன பின்னரும் இம்மொழி மாயவில்லை என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஒல்லாந்தர் தம் மொழியைப் பரப்புவதற்குப் பெரிதும் முயன்றனர், ஆணைகளும் பிறப்பித்தனர். ஆயினும் ஒல்லாந்த அதிகாரிகளின் வீடுகளிலேயே மனைவியரும், பிள்ளைகளை வளர்த்த ஆயாமாரும் பேசியது போர்த்துக்கீசமாகவே இருந்தது. 'ஆயா' என்னும் சொல்லே போர்த்துக்கீசச் சொல் அன்றோ! ஆணை கந்தோரிலே செல்லுபடியாகும், அடுக்களையிலே செல்லுமா? தனித்தனி மொழி பேசுவோர் சந்தையிலே சந்தித்தபோது அவர்களை இணைத்த பொதுமொழியாகவும் இது விளங்கிற்று.

1795இல் திருகோணமலையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமார், பறங்கியரிடையே தொண்டு செய்வதற்கு இம்மொழியைக் கற்க வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவராகிய பொக்ஸ் பாதிரியார் இலங்கைப் போர்த்துக்கீசம், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான அகராதி ஒன்றை 1819இல் வெளியிட்டார். விவிலியப் பகுதிகளும் ஞானப்பாடல்களும் இம்மொழியில் அச்சேறின. 1900ஆம் ஆண்டிலே கோவாவைச் சேர்ந்த அறிஞர் டல்காடோ, இம்மொழியின் இலக்கணத்தையும் சொற்களையும் பாடல்களையும் தொகுத்து லிஸ்பனில் நூலாக்கினார். ஆகவே என் வகுப்புச் சிறுவன் அக்கட்டத்தில் எழுதியது பொய்யன்று. என் அறியாமையே அதைப் பொய்யாக்கியது.

தேநீர் வந்தது. மூதாட்டியார் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டித் தம் மொழியிற் பெயர் சொன்னார். மேசையைக் காட்டி 'மேசா' என்றார். யன்னலைக் காட்டி 'ஜனேலா' என்றார். அலுமாரியையும் கோப்பையையும் காட்டினார். நான் நகைத்து, "அம்மா, இவை எங்கள் சொற்கள்" என்றேன். அவரும் நகைத்து, "மாஸ்டர், இவை எங்கடை சொற்கள்" என்றார். இருவர் கூற்றும் மெய்யே. ஈழத்தமிழர் காலையில் எழுந்து குசினிக்குள் புகுகிறோம், பாணைச் சாப்பிடுகிறோம், துவாயால் முகம் துடைக்கிறோம், சப்பாத்து அணிகிறோம். விறாந்தையில் அமர்கிறோம்; அன்னாசிப் பழத்தை நறுக்குகிறோம்; தாச்சியில் பொரிக்கிறோம். இவற்றின் பெயர்கள் யாவும் போர்த்துக்கீச வழி வந்தவை. என் பாடசாலையிலே மாணாக்கர் அமரும் வாங்கும், எழுதும் பேனாவும் அவ்வாறே. அந்தச் சிவப்புக் கோட்டைக் கிழித்த நாளில் என் கையில் இருந்ததும் ஒரு பேனாவே!

இம்மக்கள் வாழ்ந்த வாழ்க்கை அரசாண்டவர் வாழ்க்கை அன்று, கைத்தொழிலாளர் வாழ்க்கை. கிழக்குக் கரைப் பறங்கியர் தச்சுத்தொழிலிலும் கொல்லுத்தொழிலிலும் தையலிலும் இயந்திரங்களைத் திருத்துவதிலும் பெயர் பெற்றவர்கள். கப்பற்படைத் தளமாகிய இத்துறையிலே மரமும் இரும்பும் அறிந்த கைகளுக்கு வேலை இருந்தது. மூதாட்டியாரின் கணவரும் தந்தையும் துறைமுகப் பட்டறையிலே கூலிக்கு உழைத்தவர்களாம். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் பிரித்தானியர் இக்கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். சுதந்திர நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள். பட்டறைச் சங்கை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கோ கவலைக்குரிய நாளாகவும் அமைந்தது. "அன்றிரவு அப்பா உளிப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலின் கீழே வைத்தார், அதற்குப் பிறகு அது அங்கே போகவில்லை" என்றார் மூதாட்டியார். அப்பெட்டி இன்றும் மகனின் கொட்டிலிலே இருக்கிறது.

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியதை ஒட்டி, ஆங்கிலம் பேசிய பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். வசதி குறைந்த கிழக்குக் கரைத் தொழிலாளரிற் பெரும்பாலோர் இங்கேயே தங்கினர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே அவர்களும் நம்மோடு அஞ்சினர், நம்மோடு இடம்பெயர்ந்தனர். 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, மட்டக்களப்பில் இவர்தம் உறவினர் செறிந்து வாழ்ந்த டச்சுபார் என்னும் கரையோரக் குடியிருப்பு பேரழிவுக்கு உள்ளாயிற்று. ஒரு சிறு மொழியைப் பேசுவோரிற் சிலரை இழப்பதும் அம்மொழிக்குப் பேரிழப்பே.

இத்தனை துயரிடையேயும் அவர்கள் விடாது காத்தது இசை. திருமண இரவுகளில் வயலின் முழங்க, 'கஃபிரிஞ்ஞா' என்னும் துள்ளிசைக்கு முதியோரும் இளையோரும் இணைந்து ஆடுவர். இலங்கை முழுவதும் இன்று கேட்டு மகிழும் 'பைலா' இசையும் இந்த ஊற்றிலிருந்து பெருகியதே. பைலா என்னும் பெயர் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது. மொழி மறந்தவர் நாவிலும் பாட்டு நின்றுவிடுகிறது.

ஆம், மொழி மறக்கப்பட்டு வருகிறது. அன்று மாலை பாடசாலை முடிந்து பேரப்பிள்ளைகள் வீடு வந்தனர். பாட்டியார் அவர்களோடு தம் மொழியிற் பேசினார். பிள்ளைகளுக்கு விளங்கிற்று, மறுமொழி தமிழில் வந்தது. "இவர்களுக்கு விளங்கும் சேர், பேச வராது. இவர்களின் பிள்ளைகளுக்கு விளங்கவும் மாட்டாது" என்றார் என் மாணாக்கர். சற்றுப் பொறுத்து, தரையைப் பார்த்தவாறே, "நான்தான் சேர் இவர்களோடு பேசாமல் விட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன்" என்றார்.

நேயர்களே, அவர் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும் அச்சொற்கள் எனக்கு எவ்வளவு உறைத்தன என்பதை நீங்கள் உணர்வீர்கள். மொழிகள் அழிவதற்குப் பீரங்கி வேண்டியதில்லை; வகுப்பறைச் சிரிப்பு ஒன்று போதும். தம் மொழி புறக்கணிக்கப்படும்போது நெஞ்சம் நோவது எவ்வாறென்பதைத் தமிழராகிய நாம் அறியோமா? அறிந்த நாமே மற்றொருவர் மொழியைக் கண்டு நகைப்பது தகுமா?

என் பாட்டனார் சொன்ன கதை பொய்யன்று. கோயில் இடிக்கப்பட்டது, கற்கள் கோட்டையாயின. அது வரலாறு, அதை மறைக்க வேண்டியதில்லை. நிலத்திலே புதைந்து கிடந்த திருவுருவங்கள் 1950ஆம் ஆண்டையொட்டி வெளிப்பட்டதும், 1963இல் புதுக்கிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததும் அவ்வரலாற்றின் பின்பகுதி. ஆனால் இடித்த தளபதியின் பழியைப் பாலையூற்றிலே மரம் இழைக்கும் தச்சர் ஏன் சுமக்க வேண்டும்? அவர் உடலில் ஓடும் குருதியில் இக்கரையிலே பிறந்த அன்னையரின் பங்கும் உண்டு. அவர் நாவில் நிற்கும் மொழியின் முதுகெலும்பு நம் மொழியினுடையது. வென்றவரின் மொழியென நாம் ஒதுக்கியது, உண்மையில் நம் பெண்கள் வளர்த்தெடுத்த பிள்ளை.

இம்மொழிக்கு நல்லது நினைப்பாரும் உளர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த இயன் சிமித் என்னும் அறிஞர் 1970களில் மட்டக்களப்பு மக்களின் பேச்சை விரிவாக ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்தோசோவும் அவர்தம் குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் முதியோர் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப் பதிவுகளாகச் சேமித்திருக்கின்றனர். கடல் கடந்து வந்து அவர்கள் செய்த பணிக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். எனினும் பேழையிலே சேமித்த குரல் வேறு. பிள்ளை வாயிலே தவழும் சொல் வேறு. பின்னையதைக் காப்பது பெற்றோர் கையிலும், ஓரளவு எம்போன்ற ஆசிரியர் கையிலும் இருக்கிறது.

விடைபெறும்போது மூதாட்டியாரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். எங்கள் பாடசாலையின் காலைக் கூட்டத்துக்கு ஒரு நாள் வந்து, தம் மொழியில் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றேன். "மாஸ்டர், பிள்ளைகள் சிரிப்பார்களே" என்றார். "சிரிக்க மாட்டார்கள், அம்மா, அதற்கு நான் பொறுப்பு" என்றேன்.

அவர் வந்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறி, நடுங்கும் குரலில் பாடினார். இரண்டாம் அடியிலே பேத்தியும் மெல்லச் சேர்ந்து கொண்டாள். பேச வராது என்று தந்தை சொன்ன பிள்ளைக்குப் பாட வந்தது. மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலே, திருத்திய வாங்கு ஒன்றின் அருகே, கையில் உளியோடு என் பழைய மாணாக்கர் நின்றுகொண்டிருந்தார்.

நான் கிழித்த சிவப்புக் கோட்டை இனி அழிக்க இயலாது. அதன் கீழே இருந்த சொல்லை மீண்டும் வாசிக்க இயலும். திருகோணமலைக்கு வரும் அன்பர்கள் கோயிலையும் கோட்டையையும் துறைமுகத்தையும் கண்ட பின்னர், நேரமிருப்பின் பாலையூற்றுக்கும் ஒரு முறை சென்று வாருங்கள். முற்றத்திலே முதியவர் எவரேனும் அமர்ந்திருந்தால் வணக்கம் கூறி, அவர்தம் மொழியில் இரண்டு சொல் பேசும்படி கேளுங்கள். அவர் பேசும்போது உற்றுக் கேளுங்கள். உங்கள் பாட்டியாரின் குரல் அதிலே கேட்கும்.